அங்கேயே நில்லுங்க

கண்டியில் வீட்டு இலக்கத்தைச் சொல்லி வழி சொல்லும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை, சேர். பள்ளிவாசலைத் தாண்டி இரண்டாவது ஏற்றம், தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே, நீல நிற கேட், நாய் இருக்கிறது ஆனால் கடிக்காது. இப்படித்தான் சொல்வார்கள். என் உம்மாவும் அப்படித்தான். மடவளையில் எங்கள் வீட்டுக்கு ஓர் இலக்கம் இருக்கிறது என்பதே பாஸ்போர்ட் எடுக்கப் போன அன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் தொழில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. போனில் சாமான் வாங்குகிறவர் கடைசியாக ஒரு திரையைப் பார்ப்பார். முகவரி, பணம், எத்தனை நிமிடத்தில் வரும் என்ற எண், 'சரி' என்று அழுத்தும் இடம். அந்தத் திரையை வரைவதுதான் என் வேலை. முகவரிப் பெட்டியைக் கண்டதும் நம்முடைய ஆட்கள் திகைத்துப்போய், வாங்காமலே வெளியேறிவிடுவார்கள். நான் அந்தப் பெட்டியையே எடுத்துவிட்டேன். வரைபடத்தில் உங்கள் வீட்டுக் கூரையில் விரலை வையுங்கள், அவ்வளவுதான். என் உம்மாவால்கூட வாங்க முடிந்தது. இன்றைக்கும் அதில் எனக்குப் பெருமை உண்டு.

நேற்று உங்கள் சார்ஜன்ட் நிஸாம் நானாவின் வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். நிஸாம் நானா எங்கள் முதலாளி. மண்சரிவில் இறந்த ரவிகுமாரின் போனில் இருந்த அவசர பட்டன், கோளாறு காரணமாக வேலை செய்யவில்லை என்று அதில் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் அவருக்கு வடிவமைப்பைப் பற்றி எதுவும் தெரியாது. அந்த ஒரு வரியைத் திருத்தத்தான் நான் வந்தேன். யாரும் என்னை இழுத்துக்கொண்டு வரவில்லை. நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், அவசரமில்லை.

செயலியின் பெயர் டக். தமிழில் டக்கென்று, சிங்களத்தில் டக்காலா, இரண்டிலும் சீக்கிரம் என்றுதான் பொருள். பெயர் நிஸாம் நானாவின் யோசனை. அந்த மாதிரி விஷயம் அவருக்கு நன்றாக வரும். கண்டி டவுனில், கொழும்பு வீதியில் செருப்புக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். திரையை வரைய நான், கணினிக்கு அதைப் புரியவைக்க அகீலா, ஏற்றியிறக்க மோட்டார் சைக்கிள்காரர்கள். கட்டுகஸ்தோட்டையில் இருந்து பல்லேகல வரை எதைக் கேட்டாலும் அரைமணி நேரத்துக்குள் கொடுப்போம் என்று சொல்லியிருந்தோம்.

அந்த நிமிட எண்தான் எல்லாமே. ஆட்கள் விலையைக்கூட அவ்வளவு பார்ப்பதில்லை. எண் குறைந்துகொண்டு வரவேண்டும், கூடவே கூடாது. பசியில்லாத மனிதன்கூட, இருபது என்று இருந்தது முப்பதாகிவிட்டால் கோபத்தில் ரத்துச் செய்துவிடுகிறான். இதையெல்லாம் நான் ஆட்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களின் விரலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மேசையில் இருந்தபடி வரைகிறவனை எனக்குப் பிடிக்காது.

ரவிகுமாரோடு பழக்கமானதும் அப்படித்தான். நாற்பது தாண்டியவர், ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடு, முந்தி த்ரீவீல் ஓட்டியவர். நான் அவரை ரவி அண்ணன் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். ஒரு பின்னேரம் அவருடைய பைக்கில் பின்னால் ஏறி, அவர் போன இடத்துக்கெல்லாம் போனேன். மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குக் கூட்டிப்போய்த் துவாயைக் கொடுத்துத் தலையைத் துடைக்கச் சொன்னார். அவர் மனைவி நிஷாந்தினி சூடாக ரொட்டியும் சம்பலும் வைத்தார். அந்த ரொட்டியின் ருசி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அன்றைக்குத்தான் அந்தக் கையைப் பார்த்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும், மலைப்பாதையில் ஏறுகிறவர் எதிரே இறங்கிவரும் வாகனத்தைக் கண்டால் வேகத்தைக் குறைப்பார். இறங்குகிறவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவார். உள்ளங்கையை விரித்துக் காட்டினால் மேலே பாதை சரியில்லை, நில். விரல்களை மடக்கி அழைத்தால் வரலாம். பஸ்காரர், லொறிக்காரர், பால் வண்டிக்காரர், எல்லோரும் காட்டுகிறார்கள். எந்த ஊர், என்ன பாஷை என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

"கைய விரிச்சுக் காட்டிட்டா நின்றணும் தம்பி," என்றார் ரவி அண்ணன். "அடுத்த கை வர்ற வரைக்கும் அசையக்கூடாது. இந்த ரோட்டுல ஏசுவாங்க, இடிச்சுட்டு ஓடிருவாங்க, எல்லாம் செய்வாங்க. ஆனா அந்தக் கையில மட்டும் யாரும் பொய் சொல்ல மாட்டாங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சம்பளம் வாங்காமல், படம் வரையாமல், யாரோ எப்போதோ செய்துவைத்த எவ்வளவு அருமையான வடிவமைப்பு. அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தக் கையை வரைந்தேன். ஓட்டுகிறவர்களின் திரையில், கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில், விரித்த உள்ளங்கை. பாதை சரியில்லை என்றால் அதை அழுத்தவேண்டும். முதன்முதலில் ரவி அண்ணனுக்குத்தான் காட்டினேன்.

"இது நம்ம கையாச்சே," என்றார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மற்ற ஓட்டுநர்களுக்கெல்லாம் அவரே சொல்லிக்கொடுத்தார்.

முதலில் அந்தக் கை ஒழுங்காகத்தான் வேலை செய்தது. அழுத்தினால் அகீலாவுக்குத் தெரியும், அவள் வேறு பாதை கொடுப்பாள், வாங்கியவரின் திரையில் எண் கூடும். எண் கூடினால் ரத்து. ஐப்பசி மழைக்காலம் முழுக்க ரத்துக்கு மேல் ரத்து. நிஸாம் நானாவுக்குத் தலை சுற்றியது. பட்டனைக் கழற்றி வீசு என்றார். ஓட்டுகிறவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கை வந்த பிறகுதான் மழையிலும் மலையேறச் சம்மதித்திருந்தார்கள்.

நான் கையை எடுக்கவில்லை. கைக்குப் பின்னால் இருந்ததை எடுத்தேன். அழுத்தியதும் அது யாரிடமும் போகாது, எண் கூடாது. அழுத்தியவருக்கு மட்டும் ஒரு பதில் போகும்: 'பாத்துக்கிட்டிருக்கோம். அங்கேயே நில்லுங்க.' அதற்குக் கீழே சிறிய எழுத்தில், இறங்கித் திரும்பிப் போனால் ஓட்டுநர் ரத்துச் செய்ததாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி.

"அப்ப யாரு பாத்துக்கிட்டு இரிக்கிறது?" என்று அகீலா கேட்டாள்.

"யாரும் பாக்கத் தேவையில்ல. பாக்குறாங்கன்னு அவங்களுக்குத் தோணினாப் போதும்," என்றேன்.

அவள் மாற்றிக் கொடுத்தாள். அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள். சொன்னதைத்தான் செய்தாள்.

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன், இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான். நில் என்றால் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் நிற்பான்? மழையில் நனைந்துகொண்டு கொஞ்ச நேரம் நிற்பான். பிறகு அலுத்துப்போய், சரி போய்த்தான் பார்ப்போமே என்று அதே பாதையில் ஏறிவிடுவான். அநேகமாக எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். மண் தினமும் சரிவதில்லையே. சாமான் போய்ச் சேர்ந்தது, எண் கூடவில்லை, ஓட்டுகிறவர்களின் முறைப்பாடும் நின்றுவிட்டது. முந்தி உண்மையில் உதவி செய்த காலத்தைவிட அவர்களுக்கு இப்போதுதான் நிம்மதி அதிகம்.

அந்த வசனத்தை நானே எழுதினேன். 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று எழுதினால் பாங்க் கவுண்டரில் நிற்பதுபோல இருக்கும். தோட்டப் பக்கத்து ஆட்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படி எழுதினேன். ரவி அண்ணனின் வாயில் இருந்து எடுத்த சொற்கள் என்றுகூடச் சொல்லலாம். அவருக்கு அது எழுதிவைத்த பதில் என்று தெரியவில்லை. நான்தான் ஒவ்வொரு தடவையும் அலுவலகத்தில் இருந்துகொண்டு தட்டி அனுப்புகிறேன் என்று நினைத்துவிட்டார்.

ஒருநாள் மேல்மாடிக்கு ஏறிவந்து, "நேத்து மழையில நீங்க கூடவே இருந்தீங்க தம்பி, பெரிய ஒத்தாச," என்றார். நிஷாந்தினி கட்டிக்கொடுத்த ரொட்டி கையில் இருந்தது. ஒருவரின் நிம்மதியைக் கெடுப்பானேன் என்று நான் அதைத் திருத்தவில்லை. போகும்போது, "ரொம்ப அவசரம்னா ஒங்க நம்பருக்கு அடிக்கவா?" என்று கேட்டார்.

"அடிக்கத் தேவையில்ல அண்ணே," என்றேன். "கைய அழுத்துங்க. எனக்கு அடிச்ச மாதிரிதான்."

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

கொழும்பில் இருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் பணம் போட்டால் டக் குருநாகலுக்கும் மாத்தளைக்கும் போகும், போடாவிட்டால் அந்த வருடத்தோடு கதை முடிந்தது. ஹந்தானையில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அவர்களை இருக்கவைத்தோம். கண்ணாடி அடைத்த விறாந்தை, கீழே முழுக் கண்டியும் தெரியும். அன்றைக்கு மூடுபனியும் மழையும், ஒன்றும் தெரியவில்லை. நான் அவர்கள் கண் முன்னாலேயே என் திரையில் டவுனில் இருந்து வட்டலப்பம் வாங்கிக் காட்டினேன். விரலால் மூன்று தொடுகை. எண் பதினெட்டு என்று காட்டியது. வந்தவர்களில் தர்ஷனா என்ற பெண் தன் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

அந்த ஓட்டத்தை ரவி அண்ணனுக்குப் போகும்படி செய்தது நான்தான். ஹந்தானை ஏற்றம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. மேலே வர இரண்டு வழி உண்டு. வந்தவர்களின் கார் ஏறிய பெரிய வீதி ஒன்று. கைவிட்ட தேயிலைக்குள்ளால் வரும் குறுக்குப் பாதை மற்றது, அதில் ஒரு வீடும் இல்லை. பதினெட்டு என்ற எண் குறுக்குப் பாதைக்கான எண்.

வரைபடத்தில் அவருடைய புள்ளி ஏறி வந்தது. பாதி வழியில், மலையை வெட்டிப் பாதை போட்ட ஒரு வளைவில் நின்றது.

ஒன்றை மறைக்கக்கூடாது. கையை அழுத்தினால் யாரிடமும் போகாது என்றேன். என்னிடம் வரும். எந்த இடத்தில், எப்படிப்பட்ட ஆட்கள் அழுத்துகிறார்கள் என்று பார்த்துப் படிக்க எனக்கு ஆசை, ஆகவே என் மடிக்கணினிக்கு மட்டும் வரும்படி வைத்திருந்தேன். அன்று அது என் மடியில்தான் இருந்தது. கை வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் வந்தது.

"ஏன் நிக்கிறார்?" என்று தர்ஷனா கேட்டார்.

"பஸ்ஸுக்கு வழி விடுறார்," என்றேன். அந்தப் பாதையில் பஸ் போவதில்லை.

அவரைத் திருப்பிப் பெரிய வீதியால் வரச்சொல்ல எனக்கு ஒரு தொடுகை போதும். எண்ணில் ஒரு பத்துக் கூடியிருக்கும். அந்த இருவரும் பார்த்துக்கொண்டிருந்தது அந்த எண்ணைத்தான். போனில் அவருடைய இலக்கமும் இருந்தது, எழுந்து வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லோரையும்போல இவரும் அலுத்துப்போய் ஏறிவருவார் என்று இருந்தேன். என் கணக்கில் அது ஒன்றுதான் பிழையாகிப்போனது. ரவி அண்ணன் அலுக்கிற ஆள் இல்லை. விரித்த கையைக் காட்டியாயிற்று, அடுத்த கை வரும்வரை அசையக்கூடாது. மேலே தம்பி பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சத்தம் எங்களுக்குக் கேட்டது. பெரிய சத்தம் என்று சொல்லமுடியாது. லொறியில் இருந்து மணல் கொட்டுகிற மாதிரி, அதைவிடக் கொஞ்சம் நீளமாக. மின்விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. "இடியா?" என்று வந்தவர்களில் மற்றவர் கேட்டார், நான் ஓம் என்பதுபோலத் தலையாட்டினேன்.

பிறகு இன்னொரு ஓட்டுநரிடம் இன்னொரு வட்டலப்பத்தைப் பெரிய வீதியால் கொண்டுவரச் சொன்னேன். வாங்கியவரின் எண் குறைந்து குறைந்து ஒன்றுக்கு வந்து, அங்கேயே நின்றது. ஒன்றில் எவ்வளவு நேரம் நின்றாலும் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். அதுவும் நான் கண்டுபிடித்ததுதான். வட்டலப்பம் வந்தது. நானும் சாப்பிட்டேன், இனிப்புச் சற்றுக் கூட. ஒரு தடவைகூட எண் ஏறவில்லையே என்று தர்ஷனா பாராட்டினார்.

குறுக்குப் பாதை மூடிவிட்டது என்று அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும். அதற்குள் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அடுத்த நாள் ஒப்பந்தத்தில் கையெழுத்து இருந்தது, அது முடியட்டும் என்று விட்டேன். முடிந்த பிறகு, ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்பார்கள் என்று தோன்றியது. ஒவ்வொரு நாளும் சொல்வது முந்திய நாளைவிடக் கஷ்டமாக இருந்தது. உங்களுக்கும் அப்படி ஏதாவது இருந்திருக்கும்.

மண் சரிந்த மறுநாள் காலை என் மடிக்கணினியில் திரும்பவும் கை வந்தது, ரவி அண்ணனின் பெயரில். உயிரோடு இருக்கிறாரோ என்று நினைத்துவிட்டேன். பிறகு இடத்தைப் பார்த்தேன், லயம். சார்ஜ் இறங்கினால் மாற்றிக்கொள்ள அவரிடம் ஒரு பழைய போன் இருந்தது, அதை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அழுத்தியது நிஷாந்தினி. அவருக்கும் பதில் போனது. பாத்துக்கிட்டிருக்கோம். அங்கேயே நில்லுங்க.

பக்கத்து வீட்டு மூக்காயி அக்கா பொலிஸுக்குப் போவோம் என்று கூப்பிட்டிருக்கிறார். நிஷாந்தினி போகவில்லை. மண்ணை அள்ளிய இயந்திரத்தில் எங்கள் டெலிவரிப் பெட்டி மாட்டிய பிறகு, அவர் எங்கள் மேல்மாடிக்கு அந்தப் போனோடு வந்தார். நான் உள் அறையில் இருந்தேன். அவர் அகீலாவிடம் என்னைப் பற்றிச் சொன்னது கேட்டது.

"ஸிபான் தம்பி பாத்துக்கிட்டிருக்கோம்னு சொல்லிக்கிட்டே இருந்தாரும்மா. நான் தேடிப் போனா நல்லாருக்காதேன்னு வீட்டுலயே இருந்துட்டேன். இன்னைக்கும் காலையில சொன்னாரு."

அகீலா அழுதாள். அவள்தான் நிஷாந்தினியை உங்களிடம் கூட்டிவந்தாள். கதவு திறந்துதான் இருந்தது, நான் வெளியே வரவில்லை. எனக்கு அழுகையைப் பார்க்கமுடியாது, சின்ன வயதில் இருந்தே அப்படித்தான்.

ஆகவே சேர், பட்டன் வேலை செய்யவில்லை என்பதை வெட்டிவிடுங்கள். அது ஒரு பெண்ணை நாள் கணக்கில் வீட்டில் அமைதியாக இருக்கவைத்தது. கோளாறான பட்டனால் அது முடியுமா? குறுக்குப் பாதையில் அவரை நிறுத்தியது நான் என்று எழுதுங்கள். பார்த்துக்கொண்டே சும்மா இருந்தேன் என்று எழுதுங்கள். அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, சார்ஜன்ட் வாசித்துக் காட்டிய உங்கள் வைத்தியரின் அறிக்கையோடு பொருந்தும். ரவி அண்ணனின் முகத்துக்கு முன்னால் பெட்டி விழுந்து கிடந்ததால் காற்று இருந்தது, உடனே இறக்கவில்லை என்று அவர் எழுதியிருக்கிறாரே, அது சரி. அந்தச் சத்தத்துக்குப் பிறகும் கை வந்தது. வட்டலப்பம் சாப்பிடும்போது வந்தது. வந்தவர்களை வாசல் வரை கொண்டுபோய் விடும்போது வந்தது. இருட்டுப்பட நான் வீட்டுக்குப் போகும் வழியில், பஸ்ஸில் மடிக்கணினியைத் திறந்தபோதும் வந்துகொண்டிருந்தது, இடைவெளி மட்டும் கூடியிருந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டிய பிறகு வரவில்லை.

நிஷாந்தினி கேட்டால் இதைச் சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும். அழுத்திய ஒவ்வொரு தடவையும் ரவி அண்ணனுக்குப் பதில் போயிருக்கிறது. அவர் தனியாகச் சாகவில்லை, நான் கூடவே இருந்தேன்.